அழிக்க அழிக்க வந்த குரல்

நாலாவது தடவையும் அழித்தாயிற்று. நாலாவது தடவையும் அவள் திரும்பி வந்துவிட்டாள்.

“நீங்களே பாருங்க” என்று ரிப்பேர்காரர் கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். தீப்பெட்டி அளவில் ஒரு பாட்டு பிளேயர் வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. “ஃபார்மட் முடிஞ்சுதுன்னு இதுவே சொல்லுது. உள்ளே ஒண்ணும் இல்லை. சரியா? இப்போ வயரைப் பிடுங்குறேன். திரும்பச் சொருகுறேன்.”

திரையில் நாற்பத்தொரு ஃபைல்களும் ஒன்று குறையாமல் வந்து வரிசை கட்டி நின்றன. அவர் முதல் ஃபைலைத் தட்டினார். காதுக்குப் பக்கத்தில் வந்து பேசுவது போல ஒரு பெண் குரல் மெதுவாகச் சொன்னது:

“நான் போன பிறகு இந்தக் கதவை யாரும் திறக்க வேண்டாம். உள்ளேயிருந்து தட்டுவது நான் அல்ல.”

ரிப்பேர்காரர் சட்டென்று நிறுத்தினார். அவர் நெற்றியில் வேர்வை. கடுகு ஏற்கெனவே சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தான்.

கடுகு என்பது அவனுக்கு ஊர் வைத்த பெயர். ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு, வாயில் காரம் மட்டும் ஆறடி. துப்பறியும் வேலைக்கு வருவதற்கு முன் பன்னிரண்டு வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டியவன். பிணத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு தனியாகப் பாட்டுப் பாடிக்கொண்டே போயிருக்கிறான். ஆனால் எந்தப் பிணமும் அவனிடம் பதில் பேசியதில்லை.

“மேடம், எனக்கு வெளியே வண்டியில கொஞ்சம் வேலை இருக்கு” என்றான்.

“வண்டிக்கு ஒண்ணும் ஆகாது. நில்லு” என்றார் நிதானம்.

நிதானம்தான் அவனுடைய முதலாளி. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம், உடைந்தது, எரிந்தது, நொறுங்கியது என்று எல்லாவற்றையும் போய்ப் பார்த்து ரிப்போர்ட் எழுதிய அம்மாள். வீடு பற்றி எரிந்தாலும் செருப்பை ஜோடி சேர்த்துப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார் என்பதால் அந்தப் பெயர். யார் செய்தார்கள் என்று அவர் முதலில் கேட்கவே மாட்டார். பொருளுக்கு என்ன ஆச்சு என்றுதான் கேட்பார்.

“நிறுத்தாம ஓட விடுங்க” என்றார் இப்போது.

ரிப்பேர்காரர் கையை நீட்டித் தலையை மட்டும் பின்னால் இழுத்துக்கொண்டு மறுபடி தட்டினார். அந்தக் குரல் தொடர்ந்தது. “‘...தட்டுவது நான் அல்ல’ என்று கடிதத்தில் எழுதியிருந்தது. பக்கம் ஏழு.”

ரிப்பேர்காரர் துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“பேய்க்குப் பக்க எண்ணெல்லாம் கிடையாது கடுகு” என்றார் நிதானம். “இது கதைப் புத்தகம். நாம தேடுற பொண்ணு வாசிச்சிட்டிருக்கா.”

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான். பேய் போய்விட்டது என்று தெரிந்ததும் கடுகுக்குப் பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை. அந்தப் பெண்ணின் குரலை அவன் கேட்பது இதுதான் முதல் தடவை. காலையிலிருந்து அவள் வெறும் போட்டோவாக இருந்தாள். இப்போது மூச்சு விட்டாள்.

கண் தெரியாதவர்களுக்காக ஒரு பேசும் நூலகம் இருக்கிறது. அவள் அதற்குப் புத்தகம் வாசித்துக் கொடுப்பவள். தன் அறையில் உட்கார்ந்து சின்ன பிளேயரிலேயே வாசித்துப் பதிவு செய்வாள். வாரம் ஒரு முறை நூலகத்து ஆள் வந்து வாங்கிப் போவான். மூன்று நாளாக அவளைக் காணோம். பூட்டு உடையவில்லை, துணிமணி எடுத்துப் போகவில்லை. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை வியாதி, காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும். அவளோடு காணாமல் போன கைப்பையில் ஒரு நாளுக்கான மருந்துதான் இருந்தது. மிச்சமெல்லாம் ஃபிரிட்ஜில் அப்படியே இருந்தது.

ஒரு நாள் மருந்து, மூன்று நாள். கடுகுக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். அப்படிப்பட்டவர்களை அவன் தூக்கிப் போயிருக்கிறான். மூச்சில் அழுகின பழ வாசனை வரும், அப்புறம் கண் சொருகும். இன்றைக்குள் கிடைக்காவிட்டால் அப்புறம் தேடிப் பிரயோஜனமில்லை.

“இது உங்ககிட்ட எப்படி வந்துச்சு?” என்றார் நிதானம்.

“நேத்து காலைல ஒருத்தர் கொடுத்தார். தலையில ஹெல்மெட், கழட்டவே இல்லை. ‘முழுசா அழிச்சுக் கொடு’ன்னார். பின்னாடி ஸ்டிக்கர் மேல டேப் ஒட்டி மறைச்சிருந்துச்சு. பேட்டரி மூடியைத் திறந்தா உள்ளே நாலுன்னு நம்பரும் அந்த நூலகத்து போன் நம்பரும் செதுக்கியிருந்துச்சு. பயந்து போய் அவங்களுக்கு போன் அடிச்சேன். அவங்க உங்களுக்குச் சொல்லிட்டாங்க போல.”

“என்னென்ன பண்ணிப் பார்த்தீங்க?”

“எல்லாம் பண்ணியாச்சு மேடம். வயரை மாத்தினேன். கம்ப்யூட்டரை மாத்தினேன். பக்கத்துல இருக்கிற லாக் பட்டனைத் தள்ளிப் பார்த்தேன். பின்னைக் குத்தி ரீசெட் பண்ணினேன். வேற ரெண்டு சாஃப்ட்வேர் போட்டேன்.”

“வேப்பிலை அடிச்சீங்களா?” என்றான் கடுகு. யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே சிரிப்பு வரவில்லை. வாய் அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து மேஜை மேலிருந்த பழைய போன் அலறியது. பதினொரு படி இறங்கி வர வேண்டிய அடித்தளக் கடை அது. இரண்டு பக்கத்துக் கடைகளும் ஷட்டர் இறக்கிக் கிடந்தன. மணிச் சத்தம் அந்த ஷட்டர்களில் மோதித் திரும்பி வந்தது. ரிப்பேர்காரர் ஸ்பீக்கரை அமுக்கினார்.

“அழிஞ்சுதா?” என்றது ஓர் ஆண் குரல். கோபமில்லை, அவசரமில்லை.

“அ... அழிச்சிட்டே இருக்கேன் சார்.”

“அஞ்சு மணிக்கு ஆள் வரும். உள்ளே ஒண்ணும் இருக்கக் கூடாது. உடைச்சு கிடைச்சுத் தொலைக்காதே. மேலே ஒரு கீறல் இருக்கக் கூடாது. கொடுத்தது மாதிரியே வரணும்.”

போன் வைக்கப்பட்டது. மணி நாலு நாற்பது.

“ஆறாவது தடவை கூப்பிடுறார்” என்றார் ரிப்பேர்காரர். “எனக்கு ரெண்டு பொண்ணுங்க மேடம். இதை எடுத்துக்கிட்டு நீங்க போயிடுங்களேன்.”

“போலீஸுக்குச் சொல்லியாச்சு, ஆள் அனுப்புறேன்னிருக்காங்க” என்றார் நிதானம். எப்போது அனுப்புவார்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. அதை அவரும் சொல்லவில்லை. “புதுசா ஒரு பாட்டை இதுல ஏத்த முடியுதா?”

“ஏத்தினா ஏறின மாதிரி காட்டுது. பிடுங்கிச் சொருகினா காணோம்.”

“ஆக, அழிக்கவும் விடலை, சேர்க்கவும் விடலை. படிக்க மட்டும் விடுது.”

ரிப்பேர்காரர் தலையைச் சொறிந்தார். “மெமரி தேஞ்சு போனா அப்படி ஆகும் மேடம். எழுதி அழிச்சு எழுதி அழிச்சு, ஒரு கட்டத்துல போதும்டா சாமின்னு தானே பூட்டிக்கும். ஆனா பாட்டு கேக்கிறவங்க கையில அது தேயவே தேயாதே. வாரம் ஒரு தடவை பாட்டு மாத்தினாலும் பேரன் காலம் வரைக்கும் வரும்.”

“இவ பாட்டு கேட்கலை. ஆறு வருஷமா தினமும் வாசிச்சிருக்கா. ஒரு வார்த்தை தடுமாறினாக்கூட அழிச்சிட்டு மறுபடி வாசிப்பாளாம், நூலகத்துல சொன்னாங்க.” நிதானம் அந்தத் தீப்பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார். “இன்சூரன்ஸ் பாஷையில சொன்னா இது விபத்து இல்லை, தேய்மானம். கடைசியா இது எதை வாங்கிக்கிச்சோ, அது மேல இனிமே யாராலயும் கை வைக்க முடியாது. கடைசி ஃபைலைப் போடுங்க.”

“ஐம்பத்திரண்டு நிமிஷம் இருக்கு.”

“கடைசி நாலு நிமிஷம் போதும். அதைக் கண்டுபிடிச்சு வைங்க.”

கடுகு படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். “எனக்கு ஒண்ணு புரியலை மேடம். இவ்வளவு பாடு எதுக்கு? நானா இருந்தா ஒரு கல்லைத் தூக்கி அது தலையில போட்டுட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பேன்.”

நிதானம் திரும்பினார். “என்ன சொன்னே?”

“சும்மா சொன்னேன் மேடம்.”

“இல்லை. அதேதான். ஏன் கல்லைப் போடலை?” அவர் குரல் இன்னும் நிதானமாயிற்று, அப்படியானால் விஷயம் சூடாகிறது என்று அர்த்தம். “கீறல் இருக்கக் கூடாதுங்கிறான். கொடுத்த மாதிரியே வரணுங்கிறான். காலைல அந்தப் பொண்ணு ரூம்ல மேஜை மேல என்ன பார்த்தோம்?”

கடுகுக்கு ஞாபகம் வந்தது. ஒரு மரத் தட்டு. அதில் ஆறு குழி, ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். ஐந்து குழியில் ஐந்து பிளேயர்கள். நாலாம் நம்பர் குழி மட்டும் காலி.

“நாளைக்கு நூலகத்து ஆள் ஆறையும் எண்ணி வாங்க வருவான்” என்றார் நிதானம். “ஒண்ணு குறைஞ்சா கேள்வி வரும். ஆறும் இருந்து, நாலாவது வெறுமையா இருந்தா யாரும் ஒண்ணும் கேட்கப் போறதில்லை. ஆக, இதை அந்தக் குழியில திரும்ப வைக்கப் போறான். வைக்கணும்னா?”

“உள்ளே போகணும்.”

“பூட்டை உடைக்காம.”

சாவி இரண்டு. ஒன்று பூட்டிய அந்த அறைக்குள்ளேயே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்று எங்கே இருக்கிறதென்று காலையில் அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது. “என் கைப்பையை விட்டு அது வெளியே போனதில்லைங்க” என்று அழுதுகொண்டே சொன்னவள், இந்த வழக்கை அவர்களிடம் கொண்டு வந்த அவள் அக்கா.

“அந்த அக்காவா?” என்றான். “சேச்சே. அவங்க காலைல அழுத அழுகையில நம்ம ஆபீஸ் டவலே நனைஞ்சு போச்சு மேடம். தெருத் தெருவா டாக்ஸிக்கு நின்னு வந்திருக்காங்க. வீட்டு டிரைவர் ஏதோ ஆக்ஸிடெண்ட் பண்ணிட்டு ஜெயில்ல இருக்கானாம். செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தாங்க, அதை மாத்தக்கூட நேரமில்லாம தங்கச்சியைத் தேடுறாங்க.”

“அழுகை நிஜமாவும் இருக்கலாம் கடுகு. அதனால சாவி ரெண்டு மூணாகிடாது.”

மணி நாலு ஐம்பத்தைந்து. நிதானம் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றார். ரிப்பேர்காரர் கல்லாவில் உட்காரவைக்கப்பட்டார். கடுகுக்குக் கிடைத்தது மேஜைக்கு அடியில் இருந்த இடம். “உன் உயரத்துக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு” என்றார் நிதானம். அவன் முறைத்துக்கொண்டே உள்ளே நுழைந்தான்.

மேஜைக்கு அடியில் இருந்து படிக்கட்டின் கடைசி மூன்று படிகள்தான் தெரிந்தன. சூடு ஆறாத சால்டரிங் வாசனை. ஐந்து அடித்தது. மேலே தெருவில் ஒரு கார் கதவு சாத்தப்பட்டது. யாரோ படி இறங்கினார்கள், ஒவ்வொரு படியிலும் நின்று நின்று. கடுகு மனதுக்குள் எண்ணினான். ஆறு, ஏழு, எட்டு. ஹெல்மெட் ஆளின் ஷூவை எதிர்பார்த்து அவன் கண்ணைச் சிமிட்டாமல் காத்திருந்தான்.

ஒன்பதாவது படியில் வந்து நின்றது பெண் கால். வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்த செருப்பு.

கடுகு நிமிர்ந்த வேகத்தில் மேஜையில் அவன் தலை ‘டங்’கென்று மோதியது.

“யாரு?” என்று கத்தினாள் வந்தவள். பிறகு மேஜைக்கு அடியிலிருந்து தலையைத் தடவிக்கொண்டே வெளிப்பட்டவனைப் பார்த்து இன்னும் பயந்தாள். “தம்பி, நீங்க இங்க என்ன பண்றீங்க? தங்கச்சி கிடைச்சிட்டாளா?”

அவள் கையில் கடை ரசீது இருந்தது. நாலாம் நம்பர் பிளேயருக்கான ரசீது. கடுகு அதைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். இவளையா நம்பினோம்?

நிதானம் அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்தார். “உட்காருங்கம்மா. அந்தப் பைக்குள்ள என்ன இருக்குன்னு கொஞ்சம் காட்டுறீங்களா?”

அக்கா ஏனென்று கேட்கவில்லை. மூன்று நாளாகப் போலீஸ், ஆஸ்பத்திரி, மார்ச்சுவரி என்று எல்லோரும் கேட்டதையெல்லாம் காட்டிப் பழகியவள். கைப்பையைத் திறந்து ஒவ்வொன்றாக மேஜை மேல் எடுத்து வைத்தாள். பர்ஸ், போன், தங்கையின் போட்டோ, சாவி. கடைசியாக ஒரு சின்ன ஃபிளாஸ்க். அதைத் திறந்தாள். ஐஸ் துண்டுகளுக்கு நடுவே இன்சுலின் குப்பியும் ஊசியும் இருந்தன.

“மூணு நாளா இதைத் தூக்கிக்கிட்டேதான் அலையறேன்” என்றாள். “ஐஸ் கரையக் கரைய மாத்திக்கிட்டு. எங்கே கிடைச்சாலும் அந்த நிமிஷமே போடணும் இல்லையா?”

கடுகு தலையைக் குனிந்துகொண்டான். ஒரு நிமிஷம் முன்னால் தான் நினைத்ததை நினைத்து அவனுக்கு வெட்கமாக இருந்தது.

“ரசீதை யார் கொடுத்தது?” என்றார் நிதானம்.

“எங்க வீட்டுக்காரர். பாட்டு கேக்கிற மெஷினை ரிப்பேருக்குக் கொடுத்திருக்காங்களாம். மத்தியானம் போன் பண்ணி, ரசீது டீப்பாய் மேல இருக்கு, போய் வாங்கிட்டு வான்னாங்க. தங்கச்சியைக் காணாம நான் பைத்தியக்காரி மாதிரி திரியறேன், இந்த நேரத்துல பாட்டான்னு நினைச்சேன். சொல்ல முடியுமா?”

“எங்ககிட்ட வந்தது அவருக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க. போலீஸ் பார்த்துக்கும், நீ எங்கேயும் போகாதேன்னு சொல்லியிருக்காங்க.”

“அவரே கடைக்கு வர மாட்டாரா?”

அக்காவுக்குக் கேள்வி புரியவில்லை. “அவங்களா? கல்யாணமாகி பதினாலு வருஷத்துல ஒரு தீப்பெட்டி வாங்கிட்டு வந்ததில்லை. எல்லாம் நான்தான்.”

“கொடுக்கும்போது ஹெல்மெட், வாங்கும்போது பொண்டாட்டி” என்றான் கடுகு. இந்தத் தடவை அது வேடிக்கையாக வரவில்லை. பழக்கம் மனுஷனைக் குழியில் தள்ளும் என்பார்கள். பதினாலு வருஷப் பழக்கம், அகப்படாமல் இருக்க வேண்டிய நேரத்திலும் அந்த ஆள் யோசிக்கவே இல்லை.

நிதானம் பிளேயரை வயரோடு அக்காவின் கையில் வைத்து, உள்மூடியில் செதுக்கியிருந்த நாலைக் காட்டினார். அக்கா அதையே பார்த்தாள். பிறகு நிதானம், ரிப்பேர்காரர் திரையில் தயாராக வைத்திருந்த இடத்தைத் தட்டினார்.

“...அவன் விளக்கை அணைத்தான். மூன்றாவது படியில் யாரோ மூச்சு விடும் சத்தம்...” தூரத்தில் ஒரு மணி அடித்தது. வாசித்த குரல் சட்டென்று மாறி, கடையில் கணக்குச் சொல்வது போல் சாதாரணமாயிற்று. “நிறுத்தம். வாசல் மணி.”

“இடையில ஏதாவது வந்தா இப்படித்தான் சொல்லுவா” என்று அக்கா முணுமுணுத்தாள். “அப்புறம் நூலகத்துல அதை மட்டும் வெட்டி எடுத்துடுவாங்களாம். வீட்டுக்கு நான் போனாக்கூட...” மேலே சொல்ல முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாற்காலி நகரும் சத்தம், கதவு, காலடி. மறுபடி அந்தக் குரல்.

“நிறுத்தம். அத்தான் வந்திருக்காங்க.”

“யார்கிட்ட பேசுறே?” கொஞ்ச நேரம் முன்னால் போனில் வந்த அதே குரல். கோபமில்லை, அவசரமில்லை.

“புத்தகத்துக்குத்தான் அத்தான். உக்காருங்க.”

“நாளைக்குப் போலீஸுக்குப் போறேன்னு சொன்னியே, நிஜந்தானா?”

“நீங்களே போய்ச் சொல்லிடுங்கன்னு ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். டிரைவர் அண்ணனோட பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போகாம ஜெயில் வாசல்ல நிக்குதுங்க. வண்டியை ஓட்டினது அவர் இல்லை. நான் உங்க வீட்டு மாடியிலிருந்து பார்த்தேன் அத்தான்.”

“உங்க அக்காகிட்ட சொல்லிட்டியா?”

“இல்லை. அதை மட்டும் எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. அவ தாங்க மாட்டா.”

நாற்காலி ஒன்று விழுந்தது. ஏதோ இழுபட்டது. “கையை விடுங்க அத்தான், வலிக்குது.” பிறகு மைக்குக்கு வெகு அருகில் அந்த ஆணின் குரல்: “இது என்ன சிவப்பு லைட்டு?”

அத்தோடு முடிந்தது.

அக்கா அழவில்லை. மேஜை மேலிருந்த சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “ஜிப் போட்ட அறையிலதான் வைப்பேன்” என்றாள். “மூணு நாள் முன்னாடி பார்த்தா வெளி அறையில கிடந்துச்சு. நான்தான் கவனமில்லாம வச்சிட்டேன்னு என்னையே திட்டிக்கிட்டேன்.”

அப்போது அவள் போன் அதிர ஆரம்பித்தது. மேஜை மேல் ஒரு பூச்சி மாதிரி நகர்ந்து நகர்ந்து அவள் பக்கமே வந்தது. திரையில் ‘வீட்டுக்காரர்’ என்று இருந்தது. கடுகுக்கு அந்தப் போனைத் தொடவே பயமாக இருந்தது. நிதானம் ரசீதின் பின்புறத்தில் இரண்டு வார்த்தை எழுதி அக்காவின் முன்னால் தள்ளினார். *எங்கே இருக்கிறார்?*

அக்கா ஸ்பீக்கரைப் போட்டாள்.

“வாங்கிட்டியா?”

“வாங்கிட்டேங்க.”

“அழிஞ்சுதா?”

அவள் கையிலிருந்த பிளேயரைப் பார்த்தாள். பதினாலு வருஷமாக அவனுக்குப் பதில் சொன்ன அதே குரலில், ஓர் இழை பிசகாமல் சொன்னாள். “அழிஞ்சிடுச்சுங்க. எல்லாம் அழிஞ்சிடுச்சு.”

“நல்லது.” மூச்சு விடும் சத்தம் கேட்டது.

“வீட்டுக்கு எடுத்துட்டுப் போகவா, நீங்க இருக்கிற இடத்துக்குக் கொண்டு வரவா?”

“இங்கேயே கொண்டு வா. பழைய பேப்பர் கிடங்குல இருக்கேன். உள்ளே வராதே, ஒரே தூசி. கேட்டைத் தட்டு, நான் வந்து வாங்கிக்கிறேன். வர்ற வழியில சாப்பாடு ரெண்டு பார்சல் வாங்கிக்கோ.”

“ரெண்டா?”

“வாட்ச்மேனுக்கு ஒண்ணு.”

போன் கட்டானது. அக்கா எழுந்து நின்றுவிட்டாள். “ரெண்டு வருஷமா பூட்டிக் கிடக்கிற கிடங்குங்க அது. வாட்ச்மேனே கிடையாது.”

“அப்போ ரெண்டாவது பார்சல் சாப்பிட ஆள் இருக்கு” என்றார் நிதானம். “உயிரோட இருக்கா.”

கடுகு அதற்குள் பாதிப் படி ஏறியிருந்தான். அவள் உயிரோடு இருக்கலாம், ஆனால் பார்சல் சாப்பிடும் நிலையில் இருக்க மாட்டாள். அது அந்த ஆளுக்குத் தெரியாது. சாப்பாடு போட்டால் போதும், பூட்டி வைத்தவள் பிழைத்துக்கிடப்பாள் என்று நினைக்கிறான்.

பன்னிரண்டு வருஷ ஆம்புலன்ஸ் ஓட்டம் வீண்போகவில்லை. சைரன் இல்லாத குறையைக் கடுகு ஹார்னாலும் வாயாலும் தீர்த்துக்கொண்டான். நிதானம் ஒரு கையால் மேலே பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் போலீஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போன் பேசினார். பின் சீட்டில் அக்கா ஃபிளாஸ்க்கை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தாள். வழியில் ஓர் இடத்தில் நிறுத்தச் சொல்லி, சாப்பாடு இரண்டு பார்சல் வாங்கிக்கொண்டாள். கை வெறுமையாக இருந்தால் அவன் கதவைத் திறக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

கிடங்கின் இரும்புக் கேட் ஒரு சந்தின் கோடியில் இருந்தது. போலீஸ் இன்னும் வரவில்லை. கடுகும் நிதானமும் சுவரோரம் ஒண்டினார்கள். அக்கா கேட்டைத் தட்டினாள். உள்ளே நடந்து வரும் சத்தம். தாழ்ப்பாள். கேட்டில் இருந்த சின்னக் கதவு ஒரு சாண் திறந்தது. ஆள் வரவில்லை, வாட்ச் கட்டிய ஒரு கை மட்டும் வெளியே நீண்டது.

அக்கா பிளேயரை அந்தக் கையில் வைத்தாள்.

ஓடிவிடலாம் என்று கடுகுக்கு உடம்பு முழுக்கச் சொன்னது. வாசித்துக்கொண்டிருந்த அந்தக் குரல் காதுக்குள் பக்கம் ஏழு என்றது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பாய்ந்து, இரண்டு கையாலும் அந்த மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கினான். உள்ளே இருந்தவன் இழுத்தான், உதறினான், கதவோடு சேர்த்து அவனை மோதினான். கடுகு விடவில்லை. சின்ன ஆளாக இருப்பதில் ஒரு சௌகரியம், உதறி எறிய முடியாதபடி ஒட்டிக்கொள்ளலாம். நிதானம் கதவை முழுசாகத் தள்ளித் திறந்தபோது, சந்து முனையில் போலீஸ் ஜீப் திரும்பும் சத்தமும் கேட்டது.

அக்கா யாருக்கும் காத்திருக்கவில்லை. புருஷனைத் திரும்பியும் பார்க்காமல் அவனைத் தாண்டிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

காகித உருளைகளுக்கு நடுவே ஒரு பழைய மெத்தையில் தங்கை கிடந்தாள். பக்கத்தில் நேற்றைய பார்சல் பிரிக்காமல் இருந்தது. அந்த ஆளைப் போலீஸ் கையில் விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடிவந்த கடுகுக்கு வாசலிலேயே அந்த வாசனை தெரிந்துவிட்டது, அழுகின பழ வாசனை. அவன் மண்டியிட்டு அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தான். வேகமாக, ஆனால் ஓடிக்கொண்டிருந்தது.

“இருக்கா. ஊசியைப் போடுங்க, நான் வண்டியை உள்ளே கொண்டு வர்றேன். பத்து நிமிஷத்துல ஆஸ்பத்திரி.”

அக்கா குப்பியை எடுத்தாள். ஊசியில் மருந்தை ஏற்றிப் போட்டாள். தங்கையின் தலையைத் தூக்கி மடியில் வைத்து, “கண்ணைத் திற, நான்தான்” என்றாள். “என்னைப் பாருடி.”

இமை கொஞ்சம் பிரிந்தது. காய்ந்து வெடித்த உதடு அசைந்தது. அவள் பார்வை எங்கேயோ இருந்தது. மேஜைக்கு முன்னால், சிவப்பு லைட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டாளோ என்னவோ.

“நிறுத்தம்” என்றாள், காற்று மாதிரி. “அக்கா வந்திருக்கா.”